‘பை ஃப்ரைடே’யா, ‘அன்டில் ஃப்ரைடே’யா?

கேள்வி:
அலுவலக மெயிலில் கெடு சொல்லும்போது ‘பை’ எப்போது, ‘அன்டில்’ எப்போது? இன்னொன்று: ‘கத்தியால் வெட்டினான்’, ‘ரவியால் வெட்டப்பட்டது’ இரண்டிலும் ‘ஆல்’தானே வருகிறது, இரண்டுக்கும் ‘பை’ போடலாமா?

மறுமொழி 1:
முதலில் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வெள்ளிக்குள் அனுப்புகிறேன்’ என்று வந்தால் ‘பை ஃப்ரைடே’. வெள்ளிக்கிழமையும் அதில் சேர்த்தி. ‘வெள்ளி வரை இருப்பேன்’ என்று வந்தால் ‘அன்டில் ஃப்ரைடே’. ஒரே தடவையில் முடிகிற வேலைக்கு ‘பை’, அதுவரை நீடிக்கிற நிலைக்கு ‘அன்டில்’. ‘ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ என்றால் தினமும் அனுப்பிக்கொண்டே இருப்பதாக ஆகிவிடும்!

நம்மவர்கள் சறுக்குவது வேறிடத்தில். ‘வெள்ளிக்குள்’, ‘மூன்று நாளைக்குள்’ இரண்டுக்கும் நாம் ஒரே ‘குள்’தான் போடுகிறோம். ஆங்கிலத்தில் கெடு சொல்லும் ‘பை’க்குப் பின்னால் கிழமை, தேதி, மணி என்று ஒரு புள்ளி வரவேண்டும். கால அளவு வந்தால் ‘வித்தின் த்ரீ டேஸ்’. ‘எக்ஸ்டெண்டட் பை த்ரீ டேஸ்’ என்பது சரியான ஆங்கிலம்தான், ஆனால் பொருள் வேறு: கெடுவை மூன்று நாள் தள்ளிவைத்தார்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்ன கடைசி ‘பை’ வித்தியாசத்தைச் சொல்வது. பணக் கணக்கில் கவனம் வேண்டும். 20,000 ரூபாய் சம்பளம் ‘இன்க்ரீஸ்ட் பை 5,000’ என்றால் கைக்கு 25,000. அதையே ‘டு’ போட்டுச் சொல்வதானால் ‘இன்க்ரீஸ்ட் டு 25,000’. ஒப்பந்தங்களில் இந்த ஒரு சொல்லை இரண்டு தடவை படியுங்கள்.

மறுமொழி 3:
‘ஆல்’ விஷயம்: செய்தவருக்கு ‘பை’, அவர் கையிலிருக்கும் கருவிக்கு ‘வித்’. ‘த ரோப் வாஸ் கட் பை ரவி வித் எ நைஃப்’ என்பதில் இரண்டும் இருக்கிறது. ‘ஹி கட் இட் பை எ நைஃப்’ தவறு. மழை, லாரி போன்றவை கருவியல்ல, தாமே செய்தவையாகக் கொள்வதால் ‘டேமேஜ்ட் பை த ரெயின்’, ‘ஹிட் பை எ லாரி’.

பயணத்துக்கு ‘பை பஸ்’, ‘பை ட்ரெயின்’. நடுவில் ‘எ’, ‘த’, ‘மை’ எதையும் நுழைக்காதீர்கள். நுழைத்தால் ‘இன் மை கார்’, ‘ஆன் த பஸ்’ என்று மாற்றவேண்டும். ‘பை வாக்’ நம்மூர்ச் சரக்கு, தேர்வில் ‘ஆன் ஃபுட்’ என்றே எழுதுங்கள்.

கேட்டவர்:
நன்றி சார். அப்போ ஓட்டலில் ‘ஒன் பை டூ’ சூப்?

மறுமொழி 3:
அது பின்னத்தை நாம் வாசிக்கும் முறை. இங்கிலாந்தில் ‘ஒன் ஓவர் டூ’ அல்லது ‘ஹாஃப்’ என்பார்கள். அங்கே போய் ‘ஒன் பை டூ’ கேட்டால் சர்வர் விழிப்பார். அறை அளவுக்கு ‘டென் பை ட்வெல்வ்’ தாராளமாகச் சொல்லலாம், அது எங்கும் செல்லும்.