8–12 வயதுக்கு எந்த நாவல்? பட்டியல் போட்டாச்சு, சண்டைக்கு வாங்க

தாழ்வாரம்:
எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு என்ன நாவல் கொடுக்கலாம் என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். யாராவது ஒருவர் வந்து நியூபெரி பதக்கம் வாங்கிய புத்தகங்களை வரிசையாக ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பதக்கத்தைக் கொடுப்பவர்கள் அமெரிக்க நூலகர்கள். படிக்கப்போவது ஐந்தாம் வகுப்புப் பையன். இரண்டு பேர் ரசனையும் ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது?

அதனால் என் பட்டியல். ஒரே அளவுகோல்தான்: யாரும் விரட்டாமல் பிள்ளை கடைசிப் பக்கம் வரை போக வேண்டும்.

லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்' (1998). ஏரியே இல்லாத 'கிரீன் லேக்' முகாமில் தினமும் ஐந்தடி ஆழம், ஐந்தடி அகலத்துக்குக் குழி தோண்டும் பையன்கள். வெவ்வேறு காலத்துக் கதைகள் கடைசியில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விதம் அபாரம்.

ரிக் ரியோர்டனின் 'தி லைட்னிங் தீஃப்' (2005). ஏடிஎச்டியும் (கவனம் நிலைக்காத சிக்கல்) டிஸ்லெக்சியாவும் (எழுத்தைப் படிப்பதில் சிரமம்) இருந்த தன் மகனுக்கு அவர் இரவில் சொன்ன கதையிலிருந்து வளர்ந்தது. நாயகன் பெர்சிக்கும் அந்த இரண்டும் உண்டு. எழுத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைக்கு நான் முதலில் இதைத்தான் கொடுப்பேன்.

கேரி பால்சனின் 'ஹாட்செட்'. விமானம் விழுந்து, கனடாக் காட்டில் ஒரு கைக்கோடரியோடு 54 நாள் தனியாகத் தாக்குப்பிடிக்கும் 13 வயதுப் பையன்.

எரிக் கெஸ்ட்னரின் 'எமில் அண்ட் தி டிடெக்டிவ்ஸ்' (1929). ரயிலில் பணத்தைப் பறிகொடுத்தவன் பெர்லின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு திருடனைத் துரத்துகிறான். கிட்டத்தட்ட நூறு வயதான புத்தகம், இன்னும் ஓடுகிறது.

ரோல்டு டாலின் 'மட்டில்டா' (1988). இதற்கு விளக்கம் தேவையில்லை.

கேத்தரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெராபிதியா' நாவலைத் தெரிந்தேதான் விட்டேன். பிள்ளையை அழவைத்தால்தான் இலக்கியம் என்ற நினைப்பு எனக்கில்லை.

மைனா:
உங்கள் பட்டியலில் முதலில் நிற்கும் 'ஹோல்ஸ்' 1999-இன் நியூபெரி பதக்கம். 'ஹாட்செட்' நியூபெரி ஹானர், அதாவது பதக்கத்துக்கு அடுத்த நிலை. நூலகர்களைத் திட்டிவிட்டு அவர்கள் அலமாரியிலிருந்தே எடுத்திருக்கிறீர்கள்.

அது போகட்டும். "அழவைக்காத" புத்தகங்கள் என்கிறீர்களே, 'ஹோல்ஸ்' கதையில் வெங்காயம் விற்கும் சாமுக்கு என்ன ஆகிறது? வெள்ளைக்கார ஆசிரியைக்கு முத்தம் கொடுத்ததற்காக அந்தக் கறுப்பின மனிதரைச் சுட்டுக் கொல்கிறார்கள். 'ஹாட்செட்' தொடங்குவதே விமானி மாரடைப்பில் சாவதோடுதான். கடைசியில் அந்தப் பையன் மூழ்கிய விமானத்துக்குள் நுழையும்போது விமானியின் தலை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பால்சன் மறைக்கவில்லை. இதெல்லாம் பத்து வயதுக்குச் சரி, டெராபிதியா மட்டும் கூடாதா?

தாழ்வாரம்:
பதக்கம் வாங்கியதற்காகச் சேர்க்கவில்லை, வாங்கியும் நன்றாக இருக்கிறது என்று சேர்த்தேன் :)

சாம் சாவது நாயகன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால். அந்த விமானியோடு நமக்கு நாலு பக்கம்கூடப் பழக்கமில்லை. டெராபிதியா அப்படியா? ஜெஸ், லெஸ்லி இருவரோடும் முக்கால் புத்தகம் சேர்ந்து விளையாடவைத்துவிட்டு, ஜெஸ் ஊரில் இல்லாத ஒரு நாளில் அந்தப் பெண் ஓடையில் விழுந்து செத்துப்போனாள் என்று அவன் வீட்டார் வாயால் சொல்லவைக்கிறார் ஆசிரியர். பின்னாலிருந்து வந்து அடிப்பது மாதிரி.

ஒரு பன்றிக்கும் அதன் தோழியான சிலந்திக்கும் நடக்கும் கதை, 'சார்லட்ஸ் வெப்' (1952) எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் சாவு உண்டு, ஆனால் அப்பா கோடரியோடு எங்கே போகிறார் என்று மகள் கேட்பதுதான் முதல் வரி. இந்தக் கதையில் உயிர் போகலாம் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. சிலந்தி தன் முடிவு நெருங்குவதை முன்கூட்டியே சொல்கிறது, முட்டைப் பையை ஒப்படைக்கிறது, அப்புறம்தான் போகிறது. மூன்று குட்டிச் சிலந்திகள் பன்றிக்குத் துணையாகத் தங்கிவிடுகின்றன. இவ்வளவு கவனமாகக் கையைப் பிடித்து அழைத்துப்போனால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கரும்பலகை:
வகுப்பெடுக்கிறவன் என்ற முறையில் ஒன்று. ரசனை இருக்கட்டும், முதலில் வாசிப்பு நிலை பாருங்கள். புத்தகம் படிக்க எவ்வளவு கடினம் என்று காட்டும் லெக்ஸைல் எண் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துப் பிள்ளையின் நிலைக்குப் பொருத்தமாகக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம், தயவுசெய்து இந்தப் பட்டியலில் படக்கதைகளை நுழைக்காதீர்கள். இந்த வயதில் அதில் விழுந்தால் உரைநடைக்குத் திரும்புவதே இல்லை.

அரைப்பக்கம்:
லெக்ஸைல் பார்ப்பது வாக்கிய நீளத்தையும் சொற்களின் புழக்கத்தையும்தான். அந்தக் கணக்குப்படி, பெரியவர்களுக்கான ஸ்டெய்ன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலைவிட, பிள்ளைகளுக்கான சிரிப்புக்கதை 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' கடினமான புத்தகம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

படக்கதைக்கு வருகிறேன். ஜெர்ரி க்ராஃப்ட் எழுதி வரைந்த 'நியூ கிட்' 2020-இல் நியூபெரி பதக்கம் வாங்கியது. கிராஃபிக் நாவல் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. வசதியான பள்ளியில் சேரும் கறுப்பினப் பையனை ஆசிரியரே வேறொரு மாணவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் கட்டத்தில் அவன் முகத்தைப் பார்ப்பதும் வாசிப்புதான்.

படமே வேண்டாம், ஆனால் பக்கத்தில் எழுத்தும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் கவிதை வடிவ நாவல்கள் இருக்கின்றன. க்வாமே அலெக்சாண்டரின் 'தி க்ராஸ்ஓவர்' (2014) கூடைப்பந்து ஆடும் இரட்டையர் கதை. நடுவில் நிறைய வெள்ளை இடம், வேகமாகப் பக்கம் புரளும். (இதிலும் ஒருவர் சாகிறார், தாழ்வாரம். யார் என்று சொல்ல மாட்டேன்.)

கரும்பலகை:
எண் முழு உண்மை என்று நான் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். படக்கதை பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

மைனா:
தாழ்வாரம், நீங்கள் டெராபிதியாவை எப்போது கடைசியாகப் படித்தீர்கள்? முன்னறிவிப்பே இல்லை என்பது சரியல்ல. நாள்கணக்கில் மழை. ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. கயிற்றில் தொங்கி அதைத் தாண்ட ஜெஸ்ஸுக்குப் பயம், அதை லெஸ்லியிடம் சொல்ல வெட்கம். எல்லாம் எழுதியிருக்கிறது. அவன் ஓடைக்குப் போகாத நாளில் நடப்பதுதான் கதையின் மையம். கேத்தரின் பேட்டர்சனின் மகனுக்கு நெருங்கிய தோழி ஒருத்தி இருந்தாள். எட்டு வயதில் மின்னல் தாக்கி இறந்துபோனாள். அதற்குப் பிறகு எழுதிய நாவல் இது (1977). அந்தப் பையனுக்கு யாரும் முன்கூட்டியே எதுவும் சொல்லியிருக்க முடியாது, இல்லையா?

செய்தி கேட்டதும் ஜெஸ் அழவில்லை. நம்ப மறுக்கிறான், ஓடுகிறான், தங்கையை அடிக்கிறான். லெஸ்லி பரிசாகக் கொடுத்த வண்ணங்களை ஓடையில் வீசுகிறான். துக்கம் கோபமாகவும் வரும் என்று பிள்ளைகளிடம் சொல்கிற புத்தகங்கள் எத்தனை இருக்கின்றன?

பின்கட்டு:
பெரும்பாலும் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு மட்டும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இந்தப் புத்தகத்தைப் படித்த பிள்ளை இரண்டு வாரம் இன்னொரு நாவலைத் தொடவில்லை. "அதுலயும் யாராவது செத்துடுவாங்களா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. புத்தகம் மோசம் என்று சொல்ல வரவில்லை. எச்சரிக்கை இல்லாமல் கொடுத்ததுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். "இதில் ஒரு மரணம் உண்டு" என்று ஒரு வரி போதாதா?

தாழ்வாரம்:
இதைத்தான் சொல்கிறேன். சரி, பட்டியலில் சேர்க்கிறேன், பக்கத்தில் 'பெரியவரோடு சேர்ந்து படிக்க, மரணம் உண்டு' என்று குறிப்போடு. மைனாவுக்குத் திருப்திதானே?

மைனா:
இல்லை. அந்தக் குறிப்போடு சேர்ப்பதைவிட விட்டுவிடுங்கள்.

மரணம் வரும் என்று தெரிந்த பிள்ளை முதல் பக்கத்திலிருந்தே யார் சாவார் என்று எண்ணிக்கொண்டு படிக்கும். லெஸ்லியோடு விளையாடாது, அவளைச் சந்தேகத்தோடு பார்க்கும். டெராபிதியா என்ற அந்தக் கற்பனை ராஜ்யத்தில் இருக்கும் சந்தோஷம்தான் புத்தகத்தின் பெரும்பகுதி, அது முழுக்க வீண். இந்த நாவலை வைத்து 2007-இல் வந்த திரைப்படத்துக்கு மந்திர தந்திரப் படம் மாதிரி முன்னோட்டம் போட்டதை நானும் ரசிக்கவில்லை, அது ஏமாற்று. ஆனால் ஏமாற்றாமல் இருப்பது வேறு, முடிவை அட்டையில் ஒட்டுவது வேறு.

பின்கட்டு, அந்த இரண்டு வாரத்தில் பிள்ளை வேறு ஏதாவது கேட்டதா? எதிர்வாதமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான்.

பின்கட்டு:
கேட்டது. ஜெஸ் அன்றைக்கு லெஸ்லியையும் கூடக் கூட்டிப்போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளே, அது அவன் தப்பா என்று. நான் இல்லை என்றேன். பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல பேச்சுதான் அது, மறுக்கவில்லை. ஆனாலும் முன்னால் தெரிந்திருந்தால் நான் அன்றைக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன். குறிப்பு பிள்ளைக்கு வேண்டாம், எனக்குக் கொடுங்கள்.

அரைப்பக்கம்:
இது நல்ல யோசனை. வளர்ந்தவர்கள் முதலில் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான். இந்த வயது நாவல்கள் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது.

தாழ்வாரம்:
எல்லோருக்கும் அந்த ராத்திரி கிடைப்பதில்லை, அரைப்பக்கம். அதற்காகத்தான் பட்டியல் என்ற ஒன்றையே போடுகிறோம். போடுகிறவன் பொறுப்பேற்க வேண்டும். என் குறிப்பு இருக்கும்.

ஊமத்தை:
இவ்வளவு நேரமும் தமிழில் ஒரு புத்தகம்கூட யார் வாயிலும் வரவில்லை. ஜெயமோகனின் 'பனி மனிதன்' தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயத்தில் பனிமனிதனைத் தேடிப் போகும் சாகசக் கதை, நடுநடுவே பரிணாமம், பௌத்தம் என்று அறிவியலும் தத்துவமும் பேசும். தாழ்வாரத்தின் அளவுகோலுக்கும் பொருந்தும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-க்கான பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. பிள்ளைகளிடம் பாலியல் ரீதியாக அத்துமீறுவதைப் பேசுகிறது, பேசும் ஒரு பொம்மையைத் துணைக்கு வைத்துக்கொண்டு. எடுத்துக்கொண்ட விஷயம் எவ்வளவு கனமோ, சொன்ன விதம் அவ்வளவு லேசு.

அப்புறம் 'டோட்டோ-சான்'. தமிழில் இதைப் பரிந்துரைக்காத ஆளே இல்லை.

அரைப்பக்கம்:
டோட்டோ-சான் நாவல் இல்லையே. டெட்சுகோ குரோயானகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பு (1981).

மைனா:
நாவலோ இல்லையோ, எனக்கு இப்போது மிகவும் உதவுகிறது. போலியோ பாதித்த யாசுவாகியை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றிவிடுவாள், நினைவிருக்கிறதா? பின்னால் அவன் இறந்துபோகிறான். கடைசியில் குண்டுவீச்சில் பள்ளியே எரிகிறது. தலைமுறைகளாக எல்லோரும் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். எச்சரிக்கை ஒட்டியவர் ஒருவராவது உண்டா?

தாழ்வாரம்:
டோட்டோ-சானில் சின்னச் சின்ன அத்தியாயங்கள். அவன் போகிறான், கதை நகர்ந்து அடுத்ததற்குப் போய்விடுகிறது. பிள்ளையும் கூடவே போய்விடும். டெராபிதியா அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.

மைனா:
அங்கேயே உட்கார்வதற்குத்தான் எனக்கு அது பிடிக்கும்.

கூழாங்கல்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். வாதமெல்லாம் சுவாரசியம், எனக்கு ஒரே ஒரு புத்தகம் வேண்டும். பத்து வயதுப் பெண். நாய் என்றால் உயிர். சோகம் ஆகாது.

அரைப்பக்கம்:
நாய்க்கதைகளில்தான் கவனம் தேவை. 'ஓல்ட் யெல்லர்' (1956), 'வேர் தி ரெட் ஃபெர்ன் க்ரோஸ்' (1961) இரண்டையும் தள்ளி வையுங்கள். இரண்டிலும் நாய் சாகும். அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு நாய் மேல் என்ன கோபமோ. இதைக் கிண்டல் செய்தே கார்டன் கோர்மன் 'நோ மோர் டெட் டாக்ஸ்' (2000) என்று ஒரு நாவல் எழுதினார். நாய் சாகும் புத்தகத்துக்குக் காட்டமாக மதிப்புரை எழுதி மாட்டிக்கொள்ளும் மாணவனின் கதை. செம சிரிப்பு.

தாழ்வாரம்:
கேட் டிகமில்லோவின் 'பிகாஸ் ஆஃப் வின்-டிக்ஸி' (2000). அம்மா விட்டுவிட்டுப் போன பத்து வயதுப் பெண், சூப்பர் மார்க்கெட்டில் ரகளை செய்யும் நாயைத் தன்னுடையது என்று சொல்லிக் கூட்டிவருகிறாள். அந்த நாய் மூலம் ஊரில் ஒவ்வொருவராகப் பழக்கமாகிறார்கள். மெல்லிய வருத்தம் உண்டு, ஆனால் நாய் சாகாது.

மைனா:
புத்தகம் அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் புயல் ராத்திரியில் நாய் காணாமல் போகும்போது அந்தப் பெண்ணோடு சேர்ந்து நாமும் பதற வேண்டும். அதையும் இப்போது உடைத்துவிட்டீர்கள்.

தாழ்வாரம்:
புயல் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்.

கூழாங்கல்:
வின்-டிக்ஸியே எடுக்கிறேன். நான் முதலில் படிக்கலாம் என்றிருந்தேன், இனி அதற்கும் அவசியமில்லை போல.