புது டைப் ஆர்: முதல் ஆயிலை எப்போது மாற்றுவது? டீலரிடமா, வீட்டிலா?

எடிசன்_கார்த்தி:

வணக்கம். ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்எல்5 (இப்போதைய தலைமுறை), புதிதாக எடுத்திருக்கிறேன். வெள்ளை நிறம். இன்னும் 1,000 மைல்கூட ஓடவில்லை. பல வருட ஆசை இது, அதனால் ஆரம்பத்திலிருந்தே சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

டீலரின் சர்வீஸ் அட்வைசர், "இது பெர்ஃபார்மன்ஸ் கார், முதல் ஆயிலை 1,000 மைலில் கட்டாயம் கொட்டிவிட வேண்டும்" என்கிறார். அது இலவச சர்வீஸில் வராதாம், தனிக் காசு. கூடவே எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் எழுதித் தந்திருக்கிறார். கையேட்டைப் புரட்டினால் அப்படி எதுவும் இல்லை. மெயின்டனன்ஸ் மைண்டர் (ஆயிலின் ஆயுள் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும் வண்டியின் கணினி) சொல்லும்போது மாற்று என்றுதான் இருக்கிறது. ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னால், "புது எஞ்சின் தேஞ்சு இரும்புத்தூள் இறங்கும்டா, 500 கிலோமீட்டர்லயே மாத்திரு" என்கிறார். அவர் நாமக்கல்லில் ரொம்ப வருடம் லாரி ஓட்டியவர், அவர் சொல்வதையும் தள்ள மனசில்லை.

என் ஓட்டம் இதுதான்: நியூ ஜெர்சியில் இருக்கிறேன், வார நாட்களில் வீட்டிலிருந்து மெட்ரோபார்க் ஸ்டேஷன் வரை, 3 மைல் தாண்டாது. அங்கே நிறுத்திவிட்டு ரயில். சனி, ஞாயிறில் டெலவேர் வாட்டர் கேப் பக்கம் ஒரு நீண்ட ஓட்டம். கோடை வந்தால் மில்வில்லில் இருக்கும் டிராக்கில் ஒருமுறை இறக்க ஆசை.

யார் சொல்வதைக் கேட்பது? வீட்டிலேயே நான் ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

வேகத்தடை:

மைண்டரை நம்புங்கள் நண்பரே. ஹோண்டா எஞ்சினியர்களைவிட அட்வைசருக்கு அதிகம் தெரிந்திருக்காது. என்னுடையது சாதாரண சிவிக், 15 சதவீதம் காட்டும்போது மாற்றுகிறேன், ஒரு குறையும் இல்லை. அந்த பேக்கேஜ் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

பழைய_ஸ்பானர்:

கார்த்தி தம்பி, வாழ்த்துகள். நான் பிஸ்காட்டவேயில் இருக்கிறேன். முன்பு எஃப்கே8 (முந்தைய தலைமுறை டைப் ஆர்), இப்போது உங்களுடைய அதே எஃப்எல்5. அமெரிக்கா வருவதற்கு முன் ஓசூரில் எஞ்சின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 1,000 மைல். தேவையில்லை. அப்பா சொல்வது அவர் ஓட்டிய எஞ்சின்களுக்குச் சரி. அந்தக் காலத்து சிலிண்டர் சுவரின் ஹோனிங்கும் (சுவரில் கீறிவிடும் நுண்கோடுகள்) பிஸ்டன் ரிங்கும் ஒன்றோடொன்று உரசித்தான் படியும். அந்தத் தூளை வெளியே எடுத்தே ஆக வேண்டும். இன்று சுவரைத் தொழிற்சாலையிலேயே அவ்வளவு நேர்த்தியாக முடித்து அனுப்புகிறார்கள். புது ஹோண்டா எஞ்சினின் முதல் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தவர்கள் எல்லோரும் காண்பது, அதில் மாலிப்டினம் வழக்கத்தைவிடத் தூக்கலாக இருக்கும். அசெம்பிளியின்போது பாகங்களில் பூசும் மசகிலிருந்து வருவது அது. உரசும் இடத்தில் படிந்து காப்பதுதான் அதன் வேலை. அவசரப்பட்டு அதைக் கொட்டுவதில் லாபம் இல்லை. அதைவிட முக்கியம், முதல் 600 மைலுக்கு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதே, திடீரென்று வேகம் எடுக்காதே என்று கையேடு சொல்கிறதே, அது. அதை நீங்கள் கடைப்பிடித்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் வேகத்தடை சொல்வதையும் நான் முழுதாக ஏற்க மாட்டேன், உங்கள் ஓட்டத்தைப் பார்த்த பிறகு. மைண்டர் ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சின் எத்தனை சுற்று ஓடியது, எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டு ஒரு சதவீதம் சொல்கிறது. நல்ல கணக்குதான், ஆனாலும் கணக்குதான்.

உங்கள் வண்டியில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. ஜனவரிக் காலையில் சுவர் குளிர்ந்து கிடக்கும்போது கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டி, ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். எல்லா டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவிலும் இது உண்டு. ஆயில் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி வெளியேறிவிடும். 3 மைல் ஓடி நிறுத்தினால் எங்கே போகும்? அங்கேயே தங்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் சேரும். ஆயில் நீர்த்துப் போகும், அளவு மட்டும் ஏறும். 2018 வாக்கில் ஹோண்டாவின் 1.5 டர்போவில் இதே விவகாரம் பெரிதாகக் கிளம்பி, குளிர் மாநிலங்களில் புகார் குவிந்து, கடைசியில் வாரண்டியை நீட்டிக்க வேண்டி வந்தது. நம்முடையது 2 லிட்டர் கே20சி1, வேறு எஞ்சின், அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் இயற்பியல் ஒன்றுதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: 5,000 மைல் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். மைண்டர் 50 சதவீதம் காட்டினாலும் கவலைப்படாதீர்கள். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டு போங்கள். பெட்ரோல் வாடை தூக்கி அடித்தாலோ, மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றாலோ, மாதக் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை 287 ஹைவேயில் ஏறி அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் சூடாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆயில் சூடேறுவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். வண்டித் திரையில் வரும் லாக்ஆர் என்ற ஆப்பில் ஆயில் வெப்பநிலை தனியாகத் தெரியும், அதைப் பாருங்கள். அது ஏறும்வரை டர்போவை மிதிக்க வேண்டாம்.

ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம். புது எஞ்சினில் கழுவி எடுக்க என்ன இருக்கிறது? ஊற்றிய கரைப்பானில் ஒரு பகுதி உள்ளேயே தங்கி, அடுத்து ஊற்றும் நல்ல ஆயிலோடு கலக்கும். இன்ஜெக்டர் கிளீனிங்கும் அப்படித்தான், புது வண்டியில் அர்த்தமே இல்லாத செலவு.

எந்த ஆயில் என்றால், மூடியில் எழுதியிருப்பதுதான்: 0டபிள்யூ-20, முழு சிந்தெடிக். டப்பாவின் வட்ட முத்திரையில் ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள். 2020-இல் வந்த தரம் அது. சின்ன டர்போ எஞ்சின்களில் குறைந்த சுற்றில் அழுத்தி மிதிக்கும்போது, பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் ஒரு கோளாறு உண்டு. ஆயிலில் இருக்கும் கால்சியம் வகை டிடர்ஜென்ட் அதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப ஆயிலின் சேர்மானத்தை மாற்றினார்கள். எஸ்பி முத்திரை அந்தச் சோதனையைத் தாண்டியதற்கு அடையாளம். எந்தக் கம்பெனி டப்பா என்பது அதற்கு அப்புறம்தான்.

வாரண்டி போகாது. 1975-இலிருந்து மேக்னசன் மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டம் இருக்கிறது. எங்களிடம்தான் ஆயில் மாற்ற வேண்டும், எங்கள் பிராண்டுதான் ஊற்ற வேண்டும் என்று கம்பெனி வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது, இலவசமாகத் தந்தால் ஒழிய. ஆனால் நாளைக்கு ஏதாவது பழுது என்று போனால், ஆயில் மாற்றினாயா என்று கேட்பார்கள். அப்போது காட்டக் காகிதம் வேண்டும். ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீது, மாற்றிய தேதி, ஓடோமீட்டரின் படம், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

அதற்காக டீலர் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. புது வண்டியோடு ஹோண்டா தரும் சர்வீஸ் பாஸில் இலவசமாக வருவதை வாங்கிக்கொள்ளுங்கள். அது டீலரின் கணினியில் பதிவாகும், வண்டியை விற்கும்போதும் உதவும். நடுவில் வரும் ஆயிலை மட்டும் நீங்கள் மாற்றுங்கள்.

வீட்டில் மாற்றும்போது டிரெய்ன் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். அலுமினிய வாஷர் அது, நசுங்கித்தான் அடைக்கும், ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக உட்காராது. சம்ப்பும் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அலுமினியம்தான், அதனால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லாமல் போல்ட்டை முறுக்காதீர்கள். கைக்கணக்கில் இறுக்கி மரை பிடுங்கிக்கொண்ட சம்ப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிவப்பு_பேட்ஜ்:

அண்ணன் சொன்னதோடு என் அனுபவம் ஒன்று. கார்த்தி, டீலரிடம் விட்டால் வெளியே வந்ததும் அங்கேயே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். போன வருடம் ஒரு சர்வீஸ் சென்டரில் என் டைப் ஆர்-ஐ விட்டு எடுத்தேன். பில்லில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பார்க்கிங்கிலேயே பானெட்டைத் திறந்து பார்த்தால் ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே, குச்சியின் நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். 1.5 டர்போவுக்கு ஊற்றும் அளவை ஊற்றியிருக்கிறார்கள். அதற்கு 4 குவார்ட்டுக்கும் குறைவு. நம் வண்டிக்கு ஃபில்டரோடு 5.7 குவார்ட். அந்தப் பையன் நாள் முழுக்கச் சாதாரண சிவிக்குகளாகவே பார்க்கிறவன், கை பழக்கத்தில் நடந்திருக்கும். ஆனால் அப்படியே ஹைவேயில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

வீல் நட்டும் அப்படித்தான். சாதாரண சிவிக்குக்கு 80 பவுண்ட்-அடி, நமக்கு 94. டயர் ரொட்டேஷன் செய்தால் வீட்டுக்கு வந்து ஒருமுறை சரிபார்ப்பேன். இப்போதெல்லாம் சாவியைக் கொடுக்கும்போதே 5.7, 94, முன்பக்க லிப் தாழ்வு, ஜாக் கவனம் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. டெக்னீஷியன் ஒருவர் நன்றி சொல்லி, பழைய ஃபில்டரையும் எடுத்துக் காட்டினார்.

எடிசன்_கார்த்தி:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. அந்த 1,000 மைல் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிட்டேன். அப்பாவிடமும் விளக்கினேன், "ஆறு மாசத்துல மாத்துறேன்னா சரி" என்றார். அந்தத் தாள் ஒட்டும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. மில்வில்லுக்குப் போவதென்றால் 5டபிள்யூ-30-க்கு மாற வேண்டுமா? டிராக்குக்குப் போகிற நண்பர்கள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

பழைய_ஸ்பானர்:

தம்பி, வருடம் முழுக்க டிராக்கே கதி என்று இருப்பவர்கள் கெட்டியான ஆயிலுக்குப் போவதில் காரணம் உண்டு. ஆயில் கொதிக்கக் கொதிக்க மெலியும், பேரிங்கில் படலம் நிற்க வேண்டும். நீங்கள் போவது ஒரு நாள், அதுவும் பழகுநர் குழுவில். வாரண்டி கையில் இருக்கும்போது கையேட்டில் உள்ள 0டபிள்யூ-20-யிலேயே இருங்கள். போவதற்கு முன்வாரம் புது ஆயில் ஊற்றி, அளவை மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். ஒவ்வொரு செஷனுக்கும் இடையில் ஆயில் சம்ப்பில் இறங்கச் சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். திரும்பி வந்ததும் மைல் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குக் கம்பெனி வாரண்டி பொதுவாகப் பொறுப்பேற்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

எல்லோரும் ஆயிலைப் பற்றியே பேசுகிறார்கள். உண்மையில் முதல் முறை டிராக்குக்குப் போகிறவரைக் கைவிடுவது பிரேக் ஆயில். ஹோண்டா கேட்பது டாட் 3 என்ற தரம். புதிதாக இருக்கும்போது அது கொதிக்காமல் தாங்க வேண்டிய குறைந்தபட்ச வெப்பம் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் இழுத்த பிறகு 140-தான். டாட் 4 என்றால் அதே கணக்கு 230-ம் 155-ம். இரண்டும் ஒரே குடும்பம், டாட் 3 இருக்கும் சிஸ்டத்தில் டாட் 4 ஊற்றலாம். மில்வில்லில் தண்டர்போல்ட் டிராக் 2.25 மைல், அதில் நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவுக்கு முன் நீங்கள் மிதிக்கும் மிதியில் பிரெம்போ பிரேக் சிவக்கச் சூடாகும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. அதனால் போவதற்கு முன் பழையதை முழுக்க வெளியேற்றி நல்ல டாட் 4 ஊற்றி பிளீட் செய்துவிடுங்கள் (குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது). பேடின் கனத்தையும் பாருங்கள். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் சனிக்கிழமை காலையில் பிஸ்காட்டவேக்கு வாருங்கள். என் கராஜில் ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் எல்லாம் இருக்கிறது. நீங்கள் பெடலை மிதியுங்கள், நான் கீழே நிப்பிளைப் பார்த்துக்கொள்கிறேன்.