மூன்றாவது தடைக்கு முன் நின்றுபோன மூச்சு

லவ்டேல் உறுப்பினர் எழுதியது:

போட்டிக் குதிரையேற்றத்தில் மன உறுதி தங்களுக்கு எப்படி வாய்த்தது, அல்லது எந்த இடத்தில் கைவிட்டது என்பதை அவரவர் அனுபவத்திலிருந்து நம் நீலகிரிக் குழுவில் எழுதலாம் என்ற எண்ணத்தில் தொடங்குகிறேன். முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது, பெங்களூருவில் ஒரு தடைதாண்டும் போட்டியில் ஒரு மீட்டர் உயரப் பிரிவில் கலந்துகொண்டேன். மூன்றாவது தடைக்கு முன்னால் என் குதிரை நின்றுவிட்டது. முதல் மறுப்புக்கு நான்கு தண்டப் புள்ளிகள். திருப்பிக் கொண்டுவந்தேன், மறுபடியும் அதே இடத்தில் நின்றது. இரண்டாவது மறுப்போடு மணி அடித்து வெளியேற்றிவிட்டார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பந்திப்பூர்ச் சாலையை அடைப்பதற்குள் கடந்தாக வேண்டும் என்று குதிரையை ஏற்றிய வண்டியை விரட்டிக்கொண்டு ஊர் திரும்பிய அந்தப் பயணத்தில், ஓட்டுநர் உட்பட யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு ஆறு மாதம் இதே கதை தொடர்ந்தது. வீட்டருகே பயிற்சித் திடலில் முதல் இரண்டு தடைகளை அழகாகத் தாண்டுவோம். மூன்றாவதை நோக்கித் திரும்பும்போதே என் தோள்கள் காதுவரை ஏறிவிடும். "தைரியமாக இரு" என்று பயிற்சியாளர் கத்துவார். தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் சொன்னதில்லை.

விடை கிடைத்தது ஒரு ஜனவரிக் காலையில். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. விழுந்த கம்புகளை எடுத்து வைப்பதற்காக மூன்றாவது தடையின் அருகில் எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நான் இரண்டு சுற்று வந்த பிறகு கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா, குதிரை மூக்கிலிருந்து புகை புகையா வருது. அந்த மூலை திரும்பினதும் உங்க வாயிலிருந்து ஒண்ணுமே வரல" என்றார். கடுங்குளிரில் விடும் மூச்சு வெண்ணிறமாகத் தெரியும் அல்லவா, அதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். மூலையிலிருந்து தடைவரை ஏழெட்டுப் பாய்ச்சல்களுக்கு நான் மூச்சே விடாமல் இருந்திருக்கிறேன். சமவெளியில் பயிற்சி செய்திருந்தால் இதை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்று இன்றும் நினைப்பதுண்டு.

மூச்சை அடக்கினால் வயிறு இறுகும், தொடை இறுகும், கை கடிவாளத்தைத் தன்னை அறியாமல் பின்னுக்கு இழுக்கும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், எழும்பும் கடைசி நொடியில் தடை அதன் பார்வையிலிருந்தே மறைந்துவிடுகிறது. அதற்கு முன்பே தலையைத் தூக்கித் தூரத்தைக் கணித்துக்கொண்டு, மிச்சத்தை நம்பிக்கையில்தான் தாண்டுகிறது. அந்த நேரத்தில் நான் வாயைக் கட்டி இழுத்தால் அது எதை நம்பித் தாண்டும்? சுவீடனில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நான்காவது முறை கடக்கும்போது ஒரு குடை திடீரென்று விரிக்கப்படும் என்று குதிரையை நடத்திச் சென்றவர்களிடமும் ஏறியிருந்தவர்களிடமும் சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத் துடிப்போடு குதிரைகளின் துடிப்பும் ஏறியது. சைஸ் அண்ணனுக்கு ஆய்வும் தெரியாது, குடையும் தெரியாது; அவர் பார்த்தது புகையை.

"வாய்விட்டு ஏதாவது சொல்லிக்கிட்டே வாங்க, பேசுறவங்களால மூச்சை அடக்க முடியாது" என்பதுதான் அவர் சொன்ன மருந்து. பாட்டு வராத எனக்கு அந்த நிமிடத்தில் நினைவுக்கு வந்தது ஏழாம் வாய்ப்பாடு. ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினான்கு, மூவேழ் இருபத்தொன்று என்று உரக்கச் சொல்லிக்கொண்டு மூலையைத் திரும்பினேன். குதிரை காதை என் பக்கம் திருப்பிக் கேட்டது, பிறகு முன்னால் திருப்பியது, தாண்டியது. அடுத்த போட்டியிலும் அதையே செய்தேன். வேலியோரம் நின்ற ஒரு பெரியவர் என்னை வினோதமாகப் பார்த்தார், பார்க்கட்டும்.

இன்னொன்றையும் மாற்றிக்கொண்டேன். மணி அடித்த பிறகு தொடக்கக் கோட்டைக் கடக்க நாற்பத்தைந்து வினாடிகள் தருகிறார்கள். முன்பெல்லாம் பயத்தில் பத்து வினாடிக்குள் பாய்ந்துவிடுவேன், சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்று. இப்போது நடைக்கு இறங்கி, மூன்று முறை நீளமாக மூச்சை வெளியே விட்டு, தடத்தை நடந்து பார்த்தபோது எண்ணிய அடிகளை ஒருமுறை மனத்தில் ஓட்டுகிறேன். என் நான்கு காலடி குதிரையின் ஒரு பாய்ச்சல். இரண்டு தடைகளுக்கு நடுவே இருபது காலடி இருந்தால் இறங்க இரண்டு, எழும்ப இரண்டு போக நான்கு பாய்ச்சல். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் மனத்தில் பயம் வந்து உட்கார இடம் குறைகிறது.

வெலிங்டன் உறுப்பினர் எழுதியது:

உங்கள் வாய்ப்பாடு எங்களுக்கு உதவாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் டிரெஸ்ஸாஜ் பிரிவில், அதாவது குறித்த அசைவுகளைக் குதிரையை வரிசையாகச் செய்யவைத்து மதிப்பெண் பெறும் பிரிவில், ஏறுகிறவன். அங்கே வாய் திறந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். நாக்கால் சத்தம் எழுப்புவதுகூடக் குற்றம்.

எனக்கு நேர்ந்தது மறதி. திடலின் நடுவில் 'எக்ஸ்' புள்ளியைக் கடந்ததும் அடுத்து இடமா வலமா என்பது துடைத்தெடுத்தது போல மறந்துபோயிற்று. நடுவர் மணி அடித்து வழி சொன்னார். சொன்னபடி திரும்பினேன், ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் அசைவிலும் அந்த மணியையே கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மதிப்பெண் தாளைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. மறந்த இடத்தில் போன மதிப்பெண் சொற்பம். அதன் பின்னால் வந்த, எனக்கு நன்றாகவே தெரிந்த ஆறேழு அசைவுகளில்தான் மொத்தமும் போயிருந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று தனித்தனியாக மதிப்பெண் போடுகிறார்கள். நான்கு வாங்கிய அசைவு அடுத்த அசைவின் கட்டத்துக்குள் நுழைய முடியாது, நாமே கையைப் பிடித்து அழைத்துப் போனால் ஒழிய.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மூலையிலும் அங்கவடிக்குள் கால் விரல்களை ஒருமுறை விரித்து மடக்குவேன். பூட்ஸுக்குள் நடப்பது நடுவருக்குத் தெரியாது. அந்த மடக்கலோடு முந்தைய அசைவு முடிந்தது என்று கணக்கு. இது கைவர ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. முதலில் குதிரைமேல் அல்ல, அலுவலகத்தில், கோப்புகளுக்கு நடுவே பழகினேன்.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது 1982க்குப் பிறகு அப்போதுதான். அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கவனித்தது மூலைகளை மட்டுமே.

குன்னூர் உறுப்பினர் எழுதியது:

நான் ஏறுகிறவள் அல்லள், ஏறுகிறவளின் தாய். மன உறுதி என்ற பெயரில் நடந்த ஒன்றை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது பயிற்சியில் விழுந்தாள். தலைக்கவசத்தின் பின்பக்கம் தரையில் மோதிற்று. "உடனே ஏறினால்தான் பயம் போகும்" என்று சொல்லி, அழுதுகொண்டிருந்தவளை இரண்டே நிமிடத்தில் மறுபடியும் ஏற்றிவிட்டார்கள். சுற்றி நின்ற பெற்றோர் கைதட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வரும் வழியில், காட்டேரி ஊருக்கு முன்பாக, காரை நிறுத்தச் சொல்லி இருமுறை வாந்தி எடுத்தாள். அது என்ன கிழமை என்று கேட்டேன், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூளை அதிர்வு என்று மருத்துவர் கூறி, முழு ஓய்வு கொடுத்து, தாம் அனுமதிக்கும்வரை குதிரைப் பக்கமே போகக்கூடாது என்றார். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் விளக்கியபோது என் கைதட்டல் எனக்கே கேட்டது. மோதிய தலைக்கவசம் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும், அதை மறுபடி அணியக்கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். பயிற்சிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை.

அவள் திரும்பிய விதம் வேறு. மூன்று வாரம் ஏறவே இல்லை. தேய்த்துவிட்டாள், குளம்பைச் சுரண்டிவிட்டாள், கையில் பிடித்து நடத்தினாள். பிறகு வேறொருவர் நீளக் கயிற்றில் குதிரையைச் சுற்றவிட, கடிவாளத்தைத் தொடாமல் மேலே உட்கார்ந்தாள். எந்த நாளில் எந்தப் படி என்பதை அவளே முடிவு செய்தாள். ஒருநாள் படி இறங்கி முந்தைய இடத்துக்கே போனாள், அதற்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை. இன்று தொண்ணூறு சென்டிமீட்டர் தாண்டுகிறாள்.

உதகை உறுப்பினர் எழுதியது:

என் தந்தையார் பந்தயக் குதிரைகளுக்குச் சைஸாக இருந்தவர். அந்த நாள்களில் ஏப்ரலில் பந்தயம் தொடங்கினால் எங்கள் வீட்டில் விடிந்தது நாலரை மணிக்கு. உறுதி பற்றி இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் மேலே இருப்பவரின் மனத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள், ஆகையால் ஒன்று சொல்கிறேன். தொடக்கக் கூண்டுக்குள் போக மறுத்த ஒரு குதிரையை, என் தந்தை எட்டு நாள் வெறும் கூண்டைச் சுற்றி நடத்திக்கொண்டே இருந்தார், தள்ளவில்லை, அடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் அது தானாக உள்ளே போய் நின்றது. குன்னூர் அம்மா எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. குதிரைக்குக் கொடுக்கும் அவகாசத்தைப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுப்பதில்லை?

லவ்டேல் உறுப்பினர் எழுதியது:

குன்னூர் அம்மாவுக்கு: நானும் அப்படிக் கைதட்டிய கூட்டத்தில் நின்றிருக்கிறேன். சர்வதேச விதிப்படி தடைதாண்டும் போட்டியில் ஒரு முறை விழுந்தாலே வெளியேற்றம். அதை நாங்கள் தண்டனை என்று நினைத்துக் குறைபட்டுக்கொள்வோம். தங்கள் பதிவைப் படித்த பிறகு, பயிற்சியிலும் அந்த விதியையே பின்பற்றுவது என்று எங்கள் திடலில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். தலை மோதினால் அன்றைக்குச் சேணத்தைக் கழற்றிவிட வேண்டும்.

வெலிங்டன் நண்பருக்கு: கால் விரல் பழக்கத்தை ஒரு வாரமாக முயன்று வருகிறேன். எனக்கு விரலோடு குதிகாலும் தூக்கிக்கொள்கிறது. குதிரை அதை வேகமெடுக்கும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு பாய்ந்துவிட்டது. ஆகவே ஏழாம் வாய்ப்பாட்டிலேயே இருக்கிறேன். ஒரே சிக்கல்தான் பாக்கி. பன்னிரண்டு தடைகள் உள்ள தடத்தில் எட்டாவது தடைக்குள் வாய்ப்பாடு தீர்ந்துவிடுகிறது, மறுபடி ஓரேழிலிருந்து தொடங்கும்போது ஒரு சிறு தடுமாற்றம் வருகிறது. சைஸ் அண்ணனிடம் சொன்னேன். கேரட்டை ஒடித்துக் குதிரைக்குக் கொடுத்துக்கொண்டே, "பதிமூணாம் வாய்ப்பாடு படிங்க" என்றார். அது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்ததில்லை.