புதுப்பிப்பு: இபிஆர் மெஷின்ல டிப் நிக்காத பிரச்சனை தீர்ந்துடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, இபிஆர் மெஷினை (சாம்பிளை காந்தத்துக்கு நடுவுல வச்சு மைக்ரோவேவ் அடிச்சு, ஜோடி இல்லாத எலக்ட்ரான்களைப் பார்க்குறது) ட்யூன் பண்ணும்போது டிப் (சாம்பிள் இருக்குற கேவிட்டி மைக்ரோவேவை உள்ள வாங்குற இடத்துல ஸ்க்ரீன்ல தெரியுற பள்ளம்) நிக்கவே மாட்டேங்குது, டையோடு கரண்ட் (திரும்பி வர்ற மைக்ரோவேவால டிடெக்டர்ல ஓடுறது) ஆடிக்கிட்டே இருக்குன்னு. பிரிட்ஜ் (மைக்ரோவேவை அனுப்பி வாங்குற பெட்டி) போச்சுன்னே நினைச்சேன், கடைசில பார்த்தா தண்ணில கரைச்ச சாம்பிளை 4 மிமீ ட்யூப்ல ஊத்துனதுதான் வினை, 9.5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவை தண்ணி அப்படியே குடிச்சுடும்ல, மெல்லிசு கேப்பிலரிக்கு மாத்துனதும் டிப் கூர்மையா வந்து உக்காந்துச்சு.

பவரைக் குறைக்காம ட்யூபை உருவுனதுக்கு எல்லாரும் திட்டுனீங்க, நியாயம்தான், ட்யூன் கலைஞ்சு பவர் திரும்பி அடிச்சதுல டிடெக்டர் தப்பிச்சதே பெருசு. இப்போ ஸ்டாண்ட்பைல போட்டுட்டுதான் கை வைக்கிறேன், கூலிங் தண்ணி ஓடுதான்னு பார்க்காம மேக்னெட் ஆன் பண்றதில்ல. ஸ்க்ரூடிரைவரும் பக்கத்துல கிடையாது, நேத்து 3400 காஸ் காந்தப்புலத்துல கையில இருந்தது தானா திரும்புச்சு, பக்குன்னு ஆயிடுச்சு!