கோயில் நுழைவு நாடகக் குழுவின் தொடர்பு வேண்டும்

வணக்கம். போன ஞாயிறு மாலை மதுரையில் ஒரு கல்லூரித் திடலில் சுதந்திரப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் பற்றிய நாடகம் நடந்ததே, பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தக் குழுவின் தொடர்பு வேண்டும்.

கோயிலுக்குள் விடாமல் தடுக்கப்பட்டிருந்த சாதிகளைச் சேர்ந்த கக்கன் (பின்னாளில் அமைச்சரானவர்) உள்ளிட்டவர்களை 1939 ஜூலை 8-இல் அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனதுதான் கதை. செட்டிங் கிடையாது, இரண்டு மூங்கிலும் ஒரு தோரணமும்தான் வாசல். கக்கனாக நடித்த பையன் காலைத் தூக்கியவன் வாசலைத் தாண்டாமல் அப்படியே நின்றான். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், "போங்கய்யா உள்ள!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். அப்புறம் வந்த ராஜாஜியின் கோயில் நுழைவுச் சட்டத்தைத்தான் வசனமாகவே ஓட்டிவிட்டார்கள், கொஞ்சம் இழுவை.

கக்கன் பிறந்த தும்பைப்பட்டி எங்கள் ஊருக்குப் பக்கம். விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்க்கிற எங்கள் மேலூர்ப் பக்கத்து ஜனம் இதையும் பார்க்கட்டும் என்று ஆசை. மந்தையில் மேடை இருக்கிறது. சாப்பாடு, வேன் வாடகை எங்கள் பொறுப்பு. மைக், லைட்டுக்கு எவ்வளவு ஆகும், போலீஸ் அனுமதி எப்படி வாங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தை பிறந்ததும் நடத்தலாம் என்று இருக்கிறோம்.