கிராவல் குழிக்குப் பக்கத்துக் கிணறு: மழைக்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: மேலூர் பக்கம் பட்டா நிலம். வேலியை ஒட்டிய கிராவல் குழி எங்கள் கிணற்று நீர்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் என்ன செய்யலாம்?

பதில் 1: இங்கே அடியில் கடும்பாறை. தண்ணீர் பெரும்பாலும் மேலேயுள்ள சிதைந்த பாறை அடுக்கில்தான் நிற்கும், அதைத்தான் வெட்டுகிறார்கள். குழியில் இறைக்க இறைக்க உங்கள் ஊற்று அங்கே திரும்பும். கிணற்றுச் சுவரில் ஓர் அடையாளம் போட்டு, வாரம் ஒருமுறை விடியற்காலையில் டேப்பில் குண்டு கட்டி அளந்து எழுதுங்கள். முந்தின இரவு உங்கள் மோட்டார் ஓடியிருந்தால் அந்த அளவு செல்லாது. குவாரிக்குத் தள்ளியுள்ள ஒரு கிணற்றையும் அதே நாளில் அளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வறட்சி என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். அவர்கள் இறைக்கும் நேரத்தையும் குறியுங்கள்.

பதில் 2: வெள்ளம் தனிக் கணக்குங்க. குழியில் எடுத்துக் குவித்த மேல்மண் வரத்து வாய்க்காலை அடைத்தால் கண்மாய்க்குப் போகும் தண்ணீர் உங்கள் வயலில் ஏறும். புலப்படம் (நில அளவை வரைபடம்) வாங்கி வாய்க்கால் அகலத்தை ஒப்பிடுங்கள். பட்டா எல்லையிலிருந்து 7.5 மீட்டர் வெட்டாமல் விடுவது குவாரி அனுமதியில் வழக்கமான நிபந்தனை. செங்குத்தாக வெட்டிய கரை ஊறிச் சரிந்தால் உங்கள் வரப்பும் கூடவே போகும்.

பதில் 3: அனுமதித்த ஆழம், குவாரிக்கு ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டத்தில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கனிமவளத் துறையிடம் நகல் கேளுங்கள். அளவுக் குறிப்போடு கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.