மறு: கோள்கள் உருவாகும் தூசு வட்டுக்குச் சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

அன்புள்ள நண்பர்களே,

இந்தச் சொல் இடம்பெறும் சுவரொட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நடுப்படம், சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி 2014இல் எடுத்த, எச்.எல். டாரி என்ற விண்மீனையும் அதன் தூசு வட்டையும் காட்டும் படம்.

> 'முதனிலைக் கோள் வட்டு' என்பதே சரி.

ஐயா, நேற்று இந்தப் பெயரோடு படத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினேன். "இது சனிக்கோளா மிஸ்?" என்றாள் ஒருத்தி. கோள் ஏற்கெனவே இருக்கிறது, அதைச் சுற்றித்தான் வட்டு என்று அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. நடுவில் இருப்பதோ 450 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஓர் இளம் விண்மீன். வயது 10 லட்சம் ஆண்டுகூட இராது. சுற்றிலும் தெரியும் வளையங்கள், மணல் பருமனுள்ள தூசு வெளிவிடும் மில்லிமீட்டர் அலைகள்.

> கொள் > கோள். தூசைக் கொள்வதால் கோள்!

முதனிலை திரிந்த தொழிற்பெயர், சரிதான். தூசைத் திரட்டிக் கோள் வளர்வதற்கு அழகாகவும் பொருந்துகிறது. ஆனால் பட்டினப்பாலையிலேயே நாள்மீனும் கோள்மீனும் வந்துவிட்டன. இந்தத் தூசைப் பார்த்து அன்று பெயர் வைத்திருக்க முடியாது. 'கிரகம்' என்பதற்கும் பற்றுதல்தானே பொருள்?

என் பரிந்துரை 'கோள்விளை வட்டு'. விளைநிலம் போல வினைத்தொகை. நிலத்தில் நெல் விளைகிறது, இந்த வட்டில் கோள் விளைகிறது. பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

> அப்படியானால் வளையங்களுக்கு நடுவே உள்ள இருண்ட பட்டைக்கு 'உழுசால்' என்போம்.

அக்கா, இந்தச் சொல்லை விட எனக்கு மனமே இல்லை. கோள் ஓடிய தடத்தில் தூசு விலகிச் சால் விழுகிறது! ஆனால் சால் என்றால் உழுத கோள் உண்டு என்று முடிவு கட்டிவிடுகிறோம். பி.டி.எஸ். 70 என்ற இன்னோர் இளம் விண்மீனைச் சுற்றிய பெரிய இடைவெளியில் இரண்டு கோள்களை நேராகவே பார்த்திருக்கிறார்கள். எச்.எல். டாரியில் அப்படி உறுதியாகவில்லை. வாயு உறையும் எல்லைகளும் வளையங்களை உண்டாக்கலாம் என்கிறார்கள். படம் சொல்லாததைச் சொல் சொல்லக்கூடாது. அங்கே 'இடைவெளி' போதும்.

'வட்டு' வேண்டாம், 'தட்டு'தான் என்று இருவர் நிற்கிறீர்கள். சாப்பாட்டுத் தட்டு நினைவுக்கு வந்தாலும் பரவாயில்லை என்ற உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் பள்ளியில் வட்டெறிதல் உண்டு, பிள்ளைகளுக்கு 'வட்டு' கையில் பிடித்த சொல்.

வியாழன் இரவு வரை மாற்றலாம். ஐயா இன்னும் இசையவில்லை என்பது தெரியும். அவர் எழுதுவதைப் பார்த்துவிட்டே கோப்பை அனுப்புகிறேன்.